வன்னித் தெருவில் துவிச்சக்கர வண்டி

பிரான்சு தேசத்திலே ஆண்டுதோறும் யூலை மாதத்தில் ஒரு பெருவிழா நடைபெறுகின்றது. துவிச்சக்கர வண்டியோட்டிகள் நூற்றுக்கு மேற்பட்டோர் மூன்று கிழமைகளாக அந்நாட்டைச் சுற்றி ஓடுகின்றனர். முந்திரிகைத் தோட்டங்களுக்கு ஊடாகவும், கோதுமை வயல்களுக்கு ஊடாகவும், பழைய தேவாலயக் கோபுரம் நிமிர்ந்து நிற்கும் சிற்றூர்களின் ஒடுங்கிய தெருக்களுக்கு ஊடாகவும் அவர்கள் விரைந்து செல்வர். தோட்ட வேலை செய்வோர் தம் வேலையை விட்டு வீதியோரம் வந்து நிற்பர். வயது முதிர்ந்தோர் கதிரைகளைத் தூக்கிவந்து வாசலிலே அமர்வர். வண்டிகள் ஓர் ஊரைக் கடந்து செல்லச் சில நிமிடங்களே ஆகும். அந்தச் சில நிமிடங்களுக்காக ஊரவர் அரைநாள் காத்திருப்பர்.

இந்தப் போட்டி 1903ஆம் ஆண்டிலே ஒரு பத்திரிகையின் விற்பனையைப் பெருக்கும் பொருட்டுத் தொடங்கப்பட்டது. அவ்வாண்டு 60 பேர் புறப்பட்டனர். ஆறு கட்டங்களாக 2,428 கிலோமீற்றர் ஓடி முடித்தவர்கள் 21 பேரே. முதலாவதாக வந்த மொறிஸ் கரேன் என்பவர் இளமையிலே புகைபோக்கி துப்புரவு செய்து பிழைத்தவர். இரு உலகப் போர்களின் காலத்தில் நின்ற போட்டி, போர்கள் ஓய்ந்ததும் மீண்டும் தொடங்கிற்று. தெருக்களிலே சக்கரம் மறுபடி சுழலக் கண்டபோதுதான் அமைதி திரும்பிவிட்டது என்பதைப் பல ஊர்கள் உணர்ந்தன எனலாம்.

அதே பிரான்சில் வேறொரு வகையான சைக்கிளோட்டிகளும் உண்டு. அவர்கள் யாரையும் முந்த விரும்பாதவர்கள். ஊர் பார்க்கப் புறப்பட்டவர்கள். அவர்களுக்கு முன்னோடியாகக் கருதப்படுபவர் செந்தெத்தியென் நகரிலே வாழ்ந்த போல் டி விவீ. 1853இற் பிறந்து 1930இல் மறைந்த இவர், நெடும்பயணம் செல்வோருக்குச் சில அறிவுரைகளை விட்டுச் சென்றார். பசி எடுக்கும் முன்னரே உண்ண வேண்டும். தாகம் எடுக்கும் முன்னரே நீர் அருந்த வேண்டும். பிறர் பார்க்கட்டும் என்பதற்காக மிதிக்கலாகாது என்பன அவற்றுட் சில. இவை பிரான்சின் மலைச் சரிவுக்கு எத்துணை பொருந்துமோ, அத்துணை இலங்கையின் வன்னி வெயிலுக்கும் பொருந்தும்.

வன்னி என்றவுடன் பலரது மனத்தில் எழுவது அடர்ந்த காடும், வறண்ட தெருவும், போரின் வடுவுமே. பேருந்தின் சாளரத்தினூடே பார்ப்பவருக்கு அந்த நிலம் தட்டையாகவே தோன்றும். எங்கும் ஒரே மரம். எங்கும் ஒரே மண். அந்த எண்ணம் தவறு என்பதைச் சைக்கிளில் ஏறி மிதிப்பவனுடைய முழங்கால் அவனுக்குச் சொல்லும்.

மாங்குளத்திலிருந்து மேற்கு நோக்கி ஒரு தெரு செல்கின்றது. மல்லாவியைத் தாண்டித் துணுக்காயை அடைந்து, அப்பாற் சென்று வெள்ளாங்குளத்திலே மன்னார் - பூநகரித் தெருவோடு அது கூடுகின்றது. முழு நீளம் நாற்பது கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. மாங்குளம் கண்டி - யாழ்ப்பாண வீதியில் உள்ளது. வெள்ளாங்குளம் மேற்குக் கரையை அண்டியது. துணுக்காய் இவ்விரண்டுக்கும் ஏறக்குறைய நடுவில் அமைந்திருக்கின்றது. முல்லைத்தீவு மாவட்டத்தின் மேற்கு மூலையில் உள்ள ஒரு பிரதேச செயலாளர் பிரிவுக்கும், ஒரு கல்வி வலயத்துக்கும் அதுவே பெயர்.

கண்டி - யாழ்ப்பாண வீதி வன்னியின் முதுகெலும்பு போன்ற மேட்டு நிலத்தின் வழியே செல்கின்றது. அம்மேட்டின் மேற்கே விழும் மழைநீர் பாலியாறு, பறங்கியாறு முதலிய ஆறுகளாகி மேற்குக் கடலைச் சேரும். கனகராயன் ஆறோ வடக்கு நோக்கி ஓடி இரணைமடுக் குளத்தை நிரப்பும். ஆகவே மாங்குளத்திலிருந்து துணுக்காய்க்குச் செல்பவன் தான் அறியாமலே நீரின் வழியிற் செல்கின்றான். சரிவு மிக மெல்லியது, கண்ணுக்குத் தெரியாது. மிதியை நிறுத்தியபின்னும் வண்டி சற்றுத் தூரம் தானாக ஓடும்போதுதான் அது தெரியும். திரும்பி வரும்போது அதே சரிவு மேடாகித் தன் கடனை வசூலிக்கும்.

இந்தச் சரிவை அறிந்தவர்களே பண்டைக் காலத்திற் குளம் கட்டியவர்கள். இரு மேடுகளுக்கு இடையே நீர் எங்கே இறங்குகின்றது, அதனை எங்கே மறித்தால் நிற்கும், மிஞ்சும் நீரை எப்பக்கத்து வான் வழியே விடுவது என்பனவெல்லாம் அவர்களுக்குக் கால்நடையிலே விளங்கின. ஒரு குளத்தின் கழிவுநீர் அடுத்த குளத்துக்குச் செல்லும். அதன் கழிவுநீர் அதற்கடுத்ததற்குச் செல்லும். துணுக்காயைச் சூழ்ந்த ஊர்ப்பெயர்களே இதற்குச் சான்று. ஆலங்குளம், உயிலங்குளம், தென்னியங்குளம், அனிச்சங்குளம், கோட்டைகட்டியகுளம், அம்பலப்பெருமாள்குளம், ஐயன்கன்குளம் என ஊர்தோறும் குளமே பெயராகி நிற்கின்றது. சைக்கிளில் வருபவனுக்கு இப்பெயர்கள் வெறும் கைகாட்டிப் பலகைகள் அல்ல. தெரு சற்றுத் தாழ்ந்தால் வாய்க்கால் வரப்போகின்றது. சற்று உயர்ந்தால் குளக்கட்டு அண்மையில் உள்ளது. நிலத்தைக் காலால் வாசிக்கும் கல்வி இது.

இக்குளங்களுள் தலையாயது வவுனிக்குளம். பாலியாற்றை மறித்துக் கட்டப்பட்ட இக்குளம் மிகப் பழையது. ஆங்கிலேயர் காலத்தில் நீர்ப்பாசனப் பொறியியலாளராகக் கடமையாற்றிய ஹென்றி பார்க்கர் இதனை ஆராய்ந்து, இலங்கையின் தொன்மையான பெருங்குளங்களுள் ஒன்றாக எண்ணினார். அவரது 'புராதன இலங்கை' என்னும் ஆங்கில நூல் 1909இல் வெளிவந்தது. நெடுங்காலம் உடைந்து காடுபற்றிக் கிடந்த குளம் 1950களிலே திருத்தியமைக்கப்பட்டது. அதன்பின் நிலமற்ற குடும்பங்கள் பல இங்கு குடியேறிக் காடு வெட்டிக் கழனியாக்கின. அன்று அக்குடும்பங்களோடு வந்த பொருள்களுள் மண்வெட்டியும் கோடரியும் முதன்மையானவை. மூன்றாவது பொருள் சைக்கிள்.

அரசாங்கத் தாள்களில் அதன் பெயர் துவிச்சக்கர வண்டி. பாடப் புத்தகத்தில் அது மிதிவண்டி. ஊரவர் வாயிலே எப்போதும் சைக்கிள்தான். அக்காலத்திலே இங்கிலாந்திலிருந்து வந்த 'ரலி', 'ஹம்பர்' போன்ற வண்டிகளை வைத்திருப்போர் மதிப்புக்குரியவர்கள். பின்னர் உள்நாட்டிலே பொருத்தப்பட்ட 'லுமாலா' ஊரெங்கும் பரவியது. இவை பெரும்பாலும் ஒரே பற்சக்கரம் உடையவை. ஏற்றத்துக்கு ஒன்று, இறக்கத்துக்கு ஒன்று என மாற்றும் பொறி இவற்றில் இல்லை. மிதியை ஒருமுறை முழுச்சுற்றுச் சுற்றினால் இவ்வண்டி ஏறக்குறைய ஐந்து மீற்றர் முன்னே செல்லும். அப்படியாயின் மாங்குளத்திலிருந்து துணுக்காய் வரையுள்ள ஏறத்தாழ இருபது கிலோமீற்றர் தூரத்துக்கு 4,000 முறை மிதிக்க வேண்டும். நடந்தால் நான்கு மணித்தியாலத்துக்கு மேலாகும் வழியைச் சைக்கிள் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் அடக்கிவிடுகின்றது. அது கேட்பது சிறிது எண்ணெயும் காற்றுமே.

காற்று என்பது ரயருக்குள் அடைக்கும் காற்று மட்டுமன்று. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரையும் வன்னியிலே சோளகம் வீசும். தென்மேற்கிலிருந்து வரும் அக்காற்று துணுக்காயை நோக்கி மேற்கே செல்பவனது மார்பிலே மோதும். சைக்கிளோட்டியின் மீது காற்றுக் காட்டும் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகும் என்பது பௌதிகம் கூறும் விதி. மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்திற் செல்பவனுக்கு அதே வேகத்தில் எதிர்க்காற்று வீசினால், எதிர்ப்பு இருமடங்கன்று, நான்கு மடங்காகும். சரிவு தந்த உதவியைச் சோளகம் பறித்துக்கொள்ளும். மாலையிலே திரும்பும்போது மேடு எதிராகும். காற்றோ முதுகிலே கைவைத்துத் தள்ளும். நிலமும் காற்றும் இவ்வாறு தமக்குள் கணக்குத் தீர்த்துக்கொள்வதைச் சைக்கிளோட்டி ஒருவனே அறிவான்.

ஒவ்வொரு பருவத்திலும் இத்தெரு ஒவ்வொரு கோலம் கொள்ளும். மாரி மழை ஐப்பசியில் இறங்கினால் கிரவல் ஒழுங்கைகள் செஞ்சேறாகும். வண்டியை ஓட்டுவதினும் தோளிலே தூக்குவது எளிது. தை மாதத்திலே குளங்கள் நிரம்பி வான் பாயும். வயல்கள் பச்சையிலிருந்து பொன்னிறத்துக்கு மாறும். காலபோக அறுவடை முடிந்ததும் நெல்லைத் தெருவிலேயே பரவிக் காயவிடுவர். தார்த்தெருவின் ஒரு பாதி நெல்லுக்கு, மறுபாதி வண்டிகளுக்கு. நெல்லின் மேற் சக்கரம் ஏறாமல் ஒதுங்கிச் செல்வது அங்கு எழுதாத சட்டம். கோடையிலே பாலை பழுக்கும். சிறுவர்கள் மரத்தடியிற் சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் காட்டுக்குள் நுழைந்து, உதடெல்லாம் பால் ஒட்டப் பாலைப்பழம் தின்று வருவர். யாழ்ப்பாணத்துச் செம்மண்ணிலே பந்தலிற் படரும் முந்திரிகைக் கொடி இங்கே இல்லை. பிரான்சின் தெருவோரத்துக்கு முந்திரிகை எதுவோ, வன்னியின் தெருவோரத்துக்கு நெல்லும் பாலையும் அதுவாகும்.

வழியோரத்து மரநிழலிலே ஐயனாரும் வைரவரும் பிள்ளையாரும் கோயில் கொண்டிருப்பர். காட்டு வழியிற் செல்வோர் ஒரு கொப்பை முறித்து அங்கே இட்டு, வழித்துணை வேண்டிச் செல்வது பழைய வழக்கம். சைக்கிளில் வருபவரும் அவ்விடத்தில் இறங்கி, சில அடி தூரம் வண்டியை உருட்டிச் சென்றபின்னரே மறுபடி ஏறுவர். அந்திக்குப் பின் அத்தெருவிலே யானை நிற்கக்கூடும். மோட்டார் வண்டியின் இரைச்சல் யானைக்கு முன்கூட்டியே கேட்கும். சைக்கிளோ ஓசையின்றி அதன் அருகிலே போய்விடும். ஆதலால் பொழுது சாயுமுன் வீடு சேர்வது வன்னிச் சைக்கிளோட்டியின் முதல் விதி.

சந்திகள்தோறும் சைக்கிள் திருத்தும் கொட்டில் ஒன்று இருக்கும். நாலு காட்டுத்தடிகள், மேலே கிடுகு, மரக்கொப்பிலே தொங்கும் பழைய ரயர்கள், தரையிலே தண்ணீர் நிரம்பிய ஒரு சட்டி. இவ்வளவே அத்தொழிற்சாலை. ரியூப்பைச் சட்டி நீரில் அமிழ்த்தி, குமிழி எழும் இடத்தை விரலால் அழுத்திப் பிடித்து, அதனை அரத்தாளால் உரைஞ்சி, பசை பூசி ஒட்டுப்போடும் கைக்கு ஒரு வைத்தியருடைய நிதானம் உண்டு. வழிப்போக்கன் வண்டியை நிறுத்தினால் கேள்வி வண்டியைப் பற்றியதாக மட்டும் இராது. “எங்கையிருந்து வாறியள் தம்பி? வெயிலுக்கை நில்லாமல் உள்ளுக்கு வாங்கோ” என்று ஒரு குரல் அழைக்கும். “மாங்குளத்திலையிருந்து, அண்ணை. பின் ரயருக்குக் காத்துக் காணாது போலை” என்பது மறுமொழி. அதற்குள் ஒரு செம்பு தண்ணீர் வந்துவிடும். காற்றடிக்கும் நேரத்துக்குள் ஊரின் மழை, விளைச்சல், கலியாணம், மரணம் அனைத்தும் பரிமாறப்படும். பேருந்திற் செல்பவனுக்கு இந்தச் செய்தி கிட்டாது.

வன்னியின் சைக்கிளைப் பற்றிப் பேசுவோர் போர்க்காலத்தைப் பேசாது விடல் இயலாது. 1990ஆம் ஆண்டு யூன் மாதத்திலே போர் மறுபடி மூண்டது. யாழ்ப்பாணத்துக்குச் செல்லும் ரயில் நின்றது, மின்சாரம் நின்றது. பெற்றோல், டீசல், மின்கலம், சீமெந்து முதலியவற்றை வடக்கே கொண்டுசெல்வது தடுக்கப்பட்டது. கையில் எஞ்சிய மோட்டார் வண்டிகள் சில மண்ணெண்ணெயில் ஓடின. ஏனைய எல்லாவற்றையும் சைக்கிள் சுமந்தது. நெல்மூடை அதன் கரியலில் ஏறியது. விறகுக் கட்டு ஏறியது. பிரசவ வேதனையுற்ற பெண்ணும் அதிலேதான் ஏறி மருத்துவமனைக்குச் சென்றாள்.

இன்னுமொரு வேலையையும் சைக்கிள் செய்தது. அது வானொலி நேயர்கள் நினைவிற் கொள்ளத்தக்கது. சைக்கிளின் ரயரிலே உரசிச் சுழலும் சிறிய டைனமோ 6 வோல்ற்று மின்சாரம் தரும். விளக்கெரிப்பதற்கென அமைந்தது அது. மின்கலம் கிடையாத நாளில், சைக்கிளை நிறுத்திவைத்து ஒருவர் கையாலோ காலாலோ மிதியைச் சுழற்ற, அந்த மின்சாரத்தை ஒருவழிப்படுத்தி வானொலிப் பெட்டிக்குக் கொடுத்தனர். ஒருவர் மிதிக்க, ஒரு வளவே சூழ்ந்திருந்து செய்தி கேட்டது. கால் ஓய்ந்தால் குரலும் ஓயும். உலகத்தின் குரலைக் கேட்பதற்கு ஒரு மனிதன் தன் காலின் வலிமையைக் கொடுத்த காலம் அது. வானொலியின் அருமையை அந்தச் சிறுவர்களை விட அறிந்தவர் யாவர்?

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் முடிவிலே வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்தபோது, மழையிலும் இருளிலும் அவர்கள் உருட்டிச் சென்றது சைக்கிள்களையே. அவர்களுட் பலர் பின்னர் வன்னிக்கு வந்தனர். 1996இற் கிளிநொச்சி நகரத்து மக்களும் இடம்பெயர்ந்தபோது மல்லாவியும் துணுக்காயும் அக்கராயனும் சனநெருக்கம் மிக்க இடங்களாயின. மரநிழல்கள் வகுப்பறைகளாயின. மாணவர்கள் பல மைல் மிதித்து அங்கே கூடினர். 2008ஆம் ஆண்டிலே போர் மேற்கிலிருந்து நெருங்கவும் துணுக்காய் மக்கள் கிழக்கு நோக்கி நகர்ந்தனர். ஓகஸ்ட் மாதத்திலே துணுக்காய் இராணுவத்தின் வசமாயிற்று. அதன்பின் மக்கள் கிளிநொச்சிக்கும், தருமபுரத்துக்கும், விசுவமடுவுக்கும், புதுக்குடியிருப்புக்கும், ஈற்றிலே முள்ளிவாய்க்காலுக்கும் என இடம்விட்டு இடம் பெயர்ந்தனர். ஒவ்வோர் இடத்திலும் ஏதேனும் ஒரு பொருள் கைவிடப்பட்டது. கட்டில் விடப்பட்டது, தையல் இயந்திரம் விடப்பட்டது, நெல் விடப்பட்டது. இறுதிவரை கைவிடாதிருந்த பொருள்களுள் சைக்கிள் ஒன்று. 2009 மே மாதத்தில் அதுவும் கைவிடப்பட்டது. அந்தக் கரையோர மணலிலே துருவேறிய சைக்கிள்கள் குவியல் குவியலாகக் கிடந்தன. ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் வழிப்பயணம். சில வீடு திரும்பவில்லை. சிலவற்றின் உரியவர்களும் திரும்பவில்லை.

2009ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே துணுக்காய்ப் பகுதியில் மீள்குடியேற்றம் தொடங்கிற்று. கூரையிழந்த வீட்டுக்கும் காடுபற்றிய வளவுக்கும் திரும்பியவர்களுக்கு முதலில் வேண்டியிருந்தவற்றுள் சைக்கிளும் ஒன்று. கிணறு துப்புரவு செய்ய ஆள் அழைக்கவும், கிராம அலுவலரிடம் பதியவும், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பவும் அது வேண்டியிருந்தது. வடக்கிலே மீள்குடியேறிய குடும்பங்களுக்கென இந்தியா பத்தாயிரம் சைக்கிள்களை வழங்கியது. வேறு நிறுவனங்களும் வழங்கின. தெருவின் இருமருங்கும் மிதிவெடி எச்சரிக்கைப் பலகைகள் சிவப்பு நிறத்திலே நின்றமையால், தெருவை விட்டு ஓரடி விலகுவதும் ஆபத்தாயிருந்தது. மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசெம்பரிற் சேர்ந்துகொண்டது. நிலத்தை அங்குலம் அங்குலமாகத் துப்புரவு செய்தவர்களுள் வன்னிப் பெண்களும் பலர்.

பெண்களைப் பற்றிக் கூறுங்கால் ஒன்றைச் சிறப்பாகச் சொல்லவேண்டும். தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்திலே 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நாட்டுப்புறப் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளோட்டவும் கற்பித்தது. அது அங்கே ஒரு புரட்சியென்று பேசப்பட்டது. ஏளனத்தையும் தாண்டி ஆயிரமாயிரம் பெண்கள் மிதித்தனர். கிணற்றுக்கும் சந்தைக்கும் வேலைத்தலத்துக்கும் யாருடைய தயவுமின்றிச் சென்றனர். வட இலங்கையிலோ வெள்ளைச் சீருடையும் இரட்டைப் பின்னலுமாகப் பள்ளிமாணவியர் வரிசையாகச் சைக்கிளிற் செல்வது நெடுநாளைய காட்சி. போருக்குப்பின் தலைவனை இழந்த குடும்பங்கள் வன்னியிலே பல. அக்குடும்பங்களிலே தாயின் உழைப்புக்கும் மகளின் கல்விக்கும் இடையே ஓடியது ஒரு சைக்கிள். காலையில் மகளோடு பள்ளி செல்லும் அது, மாலையிலே தாயோடு சந்தைக்குச் செல்லும். அவ்வண்டியின் சங்கிலி அறுந்தால் இருவரது வழியும் நின்றுவிடும்.

இத்தனை சுமந்த சைக்கிளுக்கு அமைதிக் காலம் அளித்த பரிசு யாது? மாங்குளம் - வெள்ளாங்குளத் தெரு போரின்பின் அகன்ற தார் வீதியாகப் புதுக்கப்பட்டது. குழிகளில் விழுந்து எழுந்து சென்ற காலம் மாறியது. நோயாளர் விரைவில் மருத்துவமனை சேர்கின்றனர். நெல் விரைவிற் சந்தை சேர்கின்றது. இவை வரவேற்கத்தக்கவை. ஆயினும் வழவழப்பான தெருவிலே மோட்டார் சைக்கிளும் லொறியும் கொள்ளும் வேகம் வேறு. பழைய கிரவல் தெருவிலே குழி எல்லாருடைய வேகத்தையும் ஒன்றாக்கி வைத்திருந்தது. புதிய தெருவிலே சைக்கிளோட்டி தாரின் விளிம்புக்கு ஒதுக்கப்படுகின்றான். விளிம்புக்கு அப்பால் மண்பள்ளம். பின்னால் வரும் வண்டி ஒலியெழுப்பினால் பாடசாலைப் பிள்ளை அந்தப் பள்ளத்திலேதான் இறங்கவேண்டும்.

சைக்கிள் ஓட்டுவது வறுமையின் அடையாளம் என்னும் எண்ணமும் அமைதிக் காலத்திலே பரவிற்று. வீட்டுக்கு வீடு மோட்டார் சைக்கிள் லீசிங்கில் வந்து நின்றது. நெல்லுக்கு விலை குறைந்த ஆண்டிலும் தவணைப்பணம் குறையவில்லை. 2022ஆம் ஆண்டிலே இலங்கை முழுவதும் எரிபொருட் பஞ்சம் வந்தது. எரிபொருள் நிலையங்களின் முன் வரிசைகள் கிலோமீற்றர்க் கணக்கில் நீண்டன. கொழும்பிலே கழுத்துப்பட்டி அணிந்தவர்களும் சைக்கிள் வாங்கக் கடை கடையாக அலைந்தனர். சைக்கிளின் விலை பன்மடங்கு ஏறிற்று. வன்னி மக்களுக்கு அது புதுப்பாடமன்று. கூரைமேற் கிடந்த பழைய சைக்கிளை இறக்கி, எண்ணெய் விட்டு, ஒட்டுப்போட்டு, மறுநாளே வயலுக்குப் புறப்பட்டனர். முப்பது ஆண்டுகளுக்கு முன் கற்ற கல்வி மறக்கவில்லை.

ஒல்லாந்து தேசம் இன்று சைக்கிளோட்டிகளின் சுவர்க்கம் என்று புகழப்படுகின்றது. அந்நாடு எப்போதும் அப்படியிருந்ததில்லை. 1971ஆம் ஆண்டில் அங்கே வீதி விபத்துகளில் 3,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் 400க்கு மேற்பட்டோர் சிறுவர்கள். பெற்றோர் பொறுக்காது தெருவில் இறங்கினர். பிள்ளைகளைக் கொல்லும் வீதிகள் வேண்டாம் என்று கூக்குரலிட்டனர். அதன் பயனாகவே மோட்டார் வீதிக்குப் புறம்பாகச் சைக்கிளுக்கெனத் தனிப்பாதைகள் பெருமளவில் எழுந்தன. செல்வமிக்க நாட்டுக்கே அது இயலும் என்று சிலர் கூறக்கூடும். துணுக்காய்க்கு வேண்டுவது அத்துணை பெரிதன்று. பாடசாலைகளை அண்டிய இடங்களிலாவது தாரின் ஓரத்திலே ஒரு மீற்றர் அகலமான சமதரை, மரங்களின் நிழல், சந்திகளிலே வேகத்தைத் தணிக்கும் ஒரு மேடு. இவை மூன்றும் போதும்.

வீதி சமைப்போர் அத்தெருவைக் காரிலே சென்று அளக்கின்றனர். காரிலே செல்பவருக்குத் துணுக்காய் மாங்குளத்திலிருந்து அரைமணித்தியாலம். அவர்கள் ஒருநாளேனும் சைக்கிளிலே அத்தெருவை மிதித்துப் பார்ப்பார்களாயின், தெரு எவ்விடத்திற் சரிகின்றது, நிழல் எவ்விடத்தில் முடிகின்றது, பிள்ளைகள் எவ்விடத்தில் அஞ்சி ஒதுங்குகின்றனர் என்பன தாமே விளங்கும். பழங்காலத்திற் குளம் கட்டியவனும் அவ்வாறே நிலத்தைக் கற்றான். காலினால் அறியாத நிலத்துக்குக் கையினால் நன்மை செய்தல் அரிது.

சித்திரைப் புத்தாண்டு வந்தால் வன்னியின் ஊர் மைதானங்களிலே சைக்கிள் ஓட்டப் போட்டி நடைபெறும். அதனோடு வேறொரு போட்டியும் நடைபெறும். அது மெதுவாகச் சைக்கிளோட்டும் போட்டி. காலை நிலத்தில் ஊன்றாமல், கோட்டைத் தாண்டாமல், எல்லாருக்கும் பின்னால் வந்து சேர்பவனே வெற்றியாளன். பிரான்சு தேசத்துப் பெரும்போட்டியிலே முந்தியவனுக்கு மஞ்சட் சட்டை அணிவிப்பர். வன்னியின் இந்தச் சிறு போட்டியிலே பிந்தியவனுக்கு மாலை விழும். விழாமல் நிற்பதற்கு விரைவதைக் காட்டிலும் மிகுந்த திறமை வேண்டும் என்பதை அந்த மைதானத்துச் சிறுவர் யாவரும் அறிவர்.

விழுந்தும் விழுந்தும் எழுந்த ஒரு நிலத்தின் மக்களுக்கு அந்தத் திறமை இயல்பாகவே வாய்த்திருக்கின்றது. நாளைக் காலையிலும் துணுக்காய்த் தெருவிலே, பனி விலகாத வேளையில், மணியோசை ஒன்று கேட்கும். மாணவி ஒருத்தி புத்தகப் பையை முன்கூடையிலே வைத்து மிதித்து வருவாள். அவளுக்குப் பின்னால் வரும் வண்டி சற்று வேகம் தணித்து, அவளுக்குரிய ஓரத்தை அவளுக்கு விட்டுச் செல்லட்டும். அத்தெரு உண்மையிலே புதுத்தெருவாவது அன்றுதான்.